சாமி இல்லாத குகை

நான் பிடித்திருந்த கையில் முடி இருந்தது.

இருட்டு என்றால் கண்ணை மூடினால் வருகிற இருட்டு இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றேதான் என்கிற இருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. வௌவால் எச்சத்தின் வாடை மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கிறது. காலடியில் ஏதோ ஊர்கிறது, அல்லது ஊர்வதாக நான் நினைக்கிறேன். இந்த நிலைமையில் ஒரு கணவன் என்ன செய்வான்? மனைவியின் கையைப் பிடிப்பான். நானும் இடது பக்கம் துழாவி, அகப்பட்ட கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பிலோமினாவோடு முப்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறேன். அவள் கை எனக்குத் தெரியாதா? அவள் கையில் முடி கிடையாது. புளியங்கொட்டை அளவுக்குக் கல் வைத்த மோதிரமும் கிடையாது.

யாருடைய கை என்று அப்போதே புரிந்துவிட்டது. மூன்று மாதமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர். மானமுள்ளவன் உடனே கையை விட்டிருப்பான். நான் விடவில்லை. அதைவிட ஆச்சரியம், அவரும் விடவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். போன வாரம் என் கடைக்கு வந்து போகும் பூனையைப் பற்றி எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரண்டு வாசகர்கள் ஆளுக்கொரு குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்த வாரம் குகையைப் பற்றி எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் வௌவால் கொண்டுவர வேண்டாம்.

பாயாசத்துக்கு முன்னால்

எனக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் சர்ச். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் எங்களுக்கு அந்த ஒரே கூரையின் கீழ்தான்.

என் ஒரே மகள் ஷெரின், கிள்ளானில் இருக்கும் தினேஷை விரும்பினாள். தங்கமான பையன். அவன் அப்பா சுப்ரமணியம் கேரி தீவில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் ஓட்டுநராக ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்தமாக லோரிகள் வைத்து ஓட்டுகிறவர். முருக பக்தர். லோரியின் முன்கண்ணாடியில் வேல், பின்னால் மயில், பக்கவாட்டில் முருகன், மிச்சமிருக்கிற இடத்தில்தான் கம்பெனி பெயர்.

ஆரம்பத்தில் எனக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். தினமும் விடிவதற்கு முன்பே ரோஜாப்பூப் படத்தோடு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவார். நான் சூரியகாந்தி அனுப்புவேன். அவர் மனைவி மல்லிகாவும் பிலோமினாவும் ஒருவரையொருவர் 'அண்ணி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சர்ச்சிலும் கல்யாணம், கோயிலிலும் கல்யாணம் என்று பேசியாயிற்று. யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பேச்சு முடிந்த சந்தோஷத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு கடையில் எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பாயாசம் வருவதற்கு முன்னால் மல்லிகா அக்கா சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"தாலி எங்க கட்டுறது?"

"கோயில்லதான்" என்றார் சுப்ரமணியம்.

"சர்ச்சுலதான்" என்றேன் நான், அதே மூச்சில்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்க் கத்தோலிக்கர்களும் தாலி கட்டுகிறவர்கள்தான். ஃபாதர் மந்திரித்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவான், மூன்று முடிச்சு. மோதிரம் வெள்ளைக்காரன் கொடுத்தது, தாலி எங்களுடையது. அதை விட்டுக்கொடு என்றால் எப்படி?

சுப்ரமணியம் மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "ஒரு கழுத்துல ஒரு தடவைதான் தாலி ஏறும்."

"அதையேதான் நானும் சொல்றேன். சர்ச்சுல ஏறட்டும்."

"சர்ச்சுல மோதிரம் மாத்துங்க. அதுதானே உங்க வழக்கம்?"

"எங்க வழக்கம் என்னான்னு நீங்க எனக்குச் சொல்லித் தர வேணாம்."

"அப்ப பாத்துக்கலாம், மிஸ்டர் அந்தோணி."

அதுவரைக்கும் 'சம்பந்தி' என்று கூப்பிட்டவர். ஒரே நிமிடத்தில் நான் மிஸ்டர் ஆகிவிட்டேன். பாயாசத்தை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை ரோஜாப்பூ வரவில்லை. நானும் சூரியகாந்தியை அனுப்பவில்லை.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு நாள் ஷெரின் என் கடைக்கே வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"டேடி, நீங்களும் மாமாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்தாத்தான் கல்யாணம். அடிச்சிக்கிட்டு நடக்குற கல்யாணம் எனக்கு வேணாம். தினேஷ்கிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டான்."

கண் சிவந்திருந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிற எனக்கு அது அழுத கண் என்று தெரியாமல் போகுமா? அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்தினேன். மகளின் கல்யாணம் என்னால் நின்றுவிடுமோ என்று உண்மையிலேயே பயந்துபோனேன். ஆனால் தாலியை விடவும் மனசு வரவில்லை.

பெரியப்பா வீட்டில் குதிக்கக் கூடாது

பயம் என்றதும் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் குகைக்குள் நான் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் புரியாது.

பெரியப்பா வீடு அம்பாங்கில். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன நிலம். அவருக்கு யாரோ ஓர் இன்ஜினியர், கோலாலம்பூரே சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் அடியில் போய் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகை குகையாக வைத்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து பெரியப்பா தன் வீட்டுக்குள்ளேயே மெதுவாகத்தான் நடப்பார்.

எங்கள் பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான். குதிக்கக் கூடாது. கயிறு தாண்டக் கூடாது. அரிசி மூட்டையைத் தொப்பென்று போடக் கூடாது. விருந்தாளி அதிகம் வந்தால், "ஒரே எடத்துல கூட்டமா நிக்காதீங்க, பரவி நில்லுங்க" என்பார். குண்டான அத்தை ஒருவர் வந்தால் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போடுவார். அத்தை அதைக் கடைசிவரை மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போகிற நேரம்தான் கொடுமை. "யாரும் அசையாதீங்க. தரை எங்க இருக்கு, ஓட்டை எங்க இருக்குன்னு இருட்டுல தெரியாது" என்பார். நாங்கள் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே, சில சமயம் ஒற்றைக் காலில்கூட, கரண்ட் வரும்வரை நிற்போம்.

அப்படி வளர்ந்தவன் நான். இப்போதும் எல்ஆர்டி ரயில் பாசார் செனி ஸ்டேஷனைத் தாண்டித் தரைக்குள் இறங்கும்போது பக்கத்தில் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி. பிலோமினா துணி துவைக்கும்போதெல்லாம் திட்டுவாள்.

பொதுவான இடம்

இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும். எங்கள் வீடு என்றால் சுவரில் மாதா படம் இருக்கிறது, சுப்ரமணியம் வர மாட்டார். அவர் வீடு என்றால் வாசலிலேயே வேல் நிற்கிறது, நான் போக மாட்டேன். சாப்பாட்டுக் கடை என்றால் மறுபடியும் பாயாசம் வீணாகும்.

ஷெரினும் தினேஷும் யோசித்து ஒரு முடிவு செய்தார்கள். சாமியே இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது.

பத்துமலையைத் தாண்டி வடக்கே போனால் அதே சுண்ணாம்புக் கல்லில் இன்னும் சில மலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு குகை. கோயில் இல்லை, சர்ச் இல்லை, சூடம் ஏற்ற இடமில்லை. முன்பதிவு செய்தால் ஒரு வழிகாட்டி உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார். பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் வழிகாட்டிப் பெண் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வேன் பத்துமலையைக் கடக்கும்போது சுப்ரமணியம் கும்பிடு போடக் கண்ணாடியை இறக்கினார். ஷெரின் பின்னாலிருந்து ஏற்றிவிட்டாள்.

"மாமா, இன்னிக்கு சாமிப் பேச்சு கெடையாது. டேடிக்கும் அதேதான்."

"கும்புடுறது பேச்சா?" என்று முணுமுணுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். ஷெரின் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வழிகாட்டியின் பெயர் அய்னா. கல், மண், வௌவால் பற்றியெல்லாம் படித்த மலாய்ப் பெண், தமிழும் பேசுவாள். ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்தாள், அதில் நெற்றியில் ஒரு விளக்கு. சுப்ரமணியத்தின் தலைக்கு எந்த ஹெல்மெட்டும் பொருந்தவில்லை. இருப்பதிலேயே பெரியதைத் தேடிக் கொண்டுவந்து, அழுத்தி வைத்தாள்.

"எதையும் தொடக் கூடாது. எதையும் எடுக்கக் கூடாது. நெருப்பு கூடவே கூடாது. ஓக்கே, அங்கிள்?"

"ஓக்கே லா" என்றோம் இருவரும்.

ஒரே கல்

உள்ளே போனதும், நிஜமாகச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. கூரையிலிருந்து கல் திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. தரையில் ஓரமாக ஓடை ஒன்று போகிறது. சின்னப் பிள்ளையின் சுண்டுவிரல் அளவுக்கு வெள்ளைக் கல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது இவ்வளவு வளர உங்களுடைய கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது என்றாள் அய்னா. பிலோமினாவும் மல்லிகா அக்காவும் கையைக் கோத்துக்கொண்டு ஆவென்று பார்த்தார்கள். பரவாயில்லை, இன்றைக்கு நல்லபடியாக முடியும்போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சுப்ரமணியம் நின்றார். அவருக்கு முன்னால் தரையிலிருந்து எழும்பிய ஆள் உயரக் கல் ஒன்று. அவர் நெற்றி விளக்கு அதன்மேல் மேலும் கீழும் ஓடியது. ஹெல்மெட்டுக்கு மேலே இரண்டு கையும் குவிந்தன.

"பிள்ளையாரப்பா."

"மாமா" என்றாள் ஷெரின்.

"நான் பேசலம்மா. அவரு இருக்காரு, நான் என்ன செய்ய? இங்க பாரு தும்பிக்கை. இங்க தொப்ப. யாரும் செதுக்கல, தானா வந்திருக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சாமி இல்லாத எடமாம், மிஸ்டர் அந்தோணி."

அந்த மிஸ்டர்தான் என்னைக் கெடுத்தது. நானும் போய் அந்தக் கல்லைப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் தும்பிக்கைதான், நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலது பக்கம் இரண்டு அடி தள்ளி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் அது தும்பிக்கை இல்லை. முக்காடு. தொப்பை என்று அவர் சொன்னது கையில் இருக்கிற குழந்தை.

"பிலோ, இங்க வா. இந்தப் பக்கம் நின்னு பாரு. மாதா."

"எங்க?" என்றாள் பிலோமினா.

"முக்காடு தெரியல?"

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றாள், கண்ணாடிக் கடைக்காரனிடம்.

"அது மாதா இல்ல மிஸ்டர், நல்லாப் பாருங்க."

"நீங்க நிக்கிற எடம் தப்பு. இந்தப் பக்கம் வாங்க."

"நான் ஏன் வரணும்? நீங்க இந்தப் பக்கம் வாங்க."

"அங்கிள், அது கல்" என்றாள் அய்னா. "வெறும் கல் லா."

யாரும் கேட்கவில்லை. சுப்ரமணியம் இடுப்புப் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து சூடக்கட்டி ஒன்றும் தீப்பெட்டியும் வெளியே வந்தன. மனுஷன் சாமி இல்லாத இடத்துக்கு வருகிறோம் என்று தெரிந்தே சூடத்தோடு வந்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சூடம் ஏற்றிவிட்டால் அந்தக் கல் பிள்ளையார் என்று முடிவாகிவிடும். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் மெழுகுவத்தியை எடுத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தீக்குச்சியை உரசினோம்.

அய்னா அதுவரை மெதுவாகப் பேசிய பெண். அடுத்து அவள் மலாயில் பேசியதை இங்கே எழுத முடியாது. இரண்டு குச்சியையும் ஊதி அணைத்தாள். சூடம், மெழுகுவத்தி, இரண்டு தீப்பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நானும் சுப்ரமணியமும் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்களைப்போல நின்றோம்.

ஷெரின் தினேஷின் தோளில் சாய்ந்துகொண்டு, "விடு, இது ஆவறதில்ல" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெழுகுவத்தி போனதற்கு இல்லை. மகள் கையை விரித்துவிட்டாள் என்பதற்கு.

விளக்கு அணைந்தது

அடுத்த அறை பெரிய மண்டபம் அளவுக்கு இருந்தது. அய்னா எங்களை வரிசையாக நிறுத்தினாள். இங்கே வருகிறவர்கள் எல்லாருக்கும் இதைச் செய்வதுதான் வழக்கமாம்.

"எல்லாரும் லைட்டை ஆஃப் பண்ணுங்க. உண்மையான இருட்டு எப்படி இருக்கும்னு பாக்கலாம். நான் சொல்றவரைக்கும் யாரும் போடக் கூடாது. ரெண்டு அங்கிளும், ப்ளீஸ்."

ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசி விளக்கு என்னுடையது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று அணைத்தேன்.

பெரியப்பா வந்து காதுக்குள் உட்கார்ந்துகொண்டார். யாரும் அசையாதீங்க, ஓட்டை எங்க இருக்குன்னு தெரியாது. மெழுகுவத்தியைத் தேடினேன், அது அய்னாவின் பையில். அப்போதுதான் கையைப் பிடித்தேன். முடியுள்ள அந்தக் கையை.

நான் வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அதே வேகத்தில், "முருகா முருகா முருகா" என்று கேட்டது. அவர் உள்ளங்கை என்னுடையதைவிட அதிகமாக வியர்த்திருந்தது. இத்தனை லோரி வைத்திருக்கிற மனிதருக்கும் இருட்டு என்றால் பயம். எனக்கு அவர்மேல் திடீரென்று அப்படியொரு பிரியம் வந்தது. சொன்னால் என்ன, வந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். அவரும் இறுக்கினார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிசுகிசுப்பு.

"அண்ணி, எங்க இருக்கீங்க?" இது மல்லிகா அக்கா.

"இங்கதான்" என்றாள் பிலோமினா. "இது உங்க தோளா?"

"அது கல்லு. நான் இந்தப் பக்கம்."

மல்லிகா அக்காவே குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணி, தப்பா நெனக்காதீங்க. உங்க சர்ச்சுல எத்தன முடிச்சு போடுவாங்க?"

"மூணு."

"எங்களுக்கும் மூணுதான்."

"தெரியும்."

எங்கோ தண்ணீர் சொட்டியது.

"அப்ப பிரிச்சிக்கலாமா?"

"எப்புடி?"

"மொத முடிச்சு உங்களுக்கு. பாக்கி ரெண்டு எங்களுக்கு."

"ஏன், எங்களுக்கு மட்டும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னாலும் அதுதானே மொதல்ல? பிள்ளை கழுத்துல தாலி ஏறுறது உங்க சர்ச்சுல. முடியிறது எங்க கோயில்ல. ஒரே தாலி, ஒரே தடவ. யாரு என்ன சொல்ல முடியும்?"

பிலோமினா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்புவாள், அது கேட்டது.

"ஃபாதர்கிட்ட நான் பேசுறேன்" என்றாள்.

"குருக்கள்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஆன்டி, சைலன்ஸ் ப்ளீஸ்" என்றாள் அய்னா.

இருட்டில் யாரோ குலுங்குவது கேட்டது. ஷெரின்தான். அழுகிறாள் என்று நினைத்துப் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

அய்னா தன் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் நேராக எங்கள் இருவர்மேல் விழுந்தது. விரலோடு விரல் கோத்து, தோளோடு தோள் ஒட்டி, காதலர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். தினேஷ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீங்கதான் மொதல்ல புடிச்சீங்க" என்றார் சுப்ரமணியம்.

"நீங்கதான் விடல" என்றேன்.

"முடிவு சொல்லட்டுமா?" என்று மல்லிகா அக்கா ஆரம்பித்தார். "மொத முடிச்சு பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ரெண்டாவதும் மூணாவதும் கிள்ளான்ல. ஒரே நாள். நானும் அண்ணியும் பேசியாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒத்த முடிச்சோட என் பொண்ணு பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளான் வரைக்கும் போறதா? ஜாம்ல மாட்டிக்கிட்டா? வழியில அவுந்துச்சுன்னா?"

"சம்பந்தி கேக்குறது நாயந்தான லா" என்றார் சுப்ரமணியம். "தாலி என்ன தவணையிலயா கட்டுறது? நாங்க ஒத்துக்க மாட்டோம்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக நாங்கள் ஒரே பக்கம் நின்றோம். நான் மறுபடியும் சம்பந்தி ஆகிவிட்டேன். அவர் முதுகில் தட்டிக்கொடுக்கக்கூடத் தோன்றியது.

பிலோமினா எங்களைப் பார்க்கவே இல்லை. அய்னாவின் பக்கம் திரும்பினாள்.

"அய்னா, லைட்டை இன்னொரு தடவ ஆஃப் பண்ணும்மா. இவங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்றவரைக்கும் போடாத."

அய்னாவின் கை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஹெல்மெட்டுக்குப் போனது.

"சம்மதம்" என்றோம் நானும் சம்பந்தியும், அவள் விரல் பொத்தானைத் தொடுவதற்குள். நாங்கள் போட்ட சத்தத்தில் உள் அறையிலிருந்து வௌவால்கள் கிளம்பின. குகையும் தன் பங்குக்கு இரண்டு தடவை சம்மதம் என்றது.